மூச்சு இருந்த இடம்

வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, கணினியை வைத்து, பாட்டு மிக்ஸ் பண்ணத் தொடங்கியிருக்கும் உங்களில் யார் என்னிடம் வந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "சேர், ஸ்டூடியோ மொனிற்றர் ஸ்பீக்கர் வாங்கிறதோ, நல்ல ஹெட்போன் வாங்கிறதோ?" இதுவரை நான் சொன்ன பதில்களை மறந்துவிடுங்கள். அவற்றில் பாதி என் பெருமைக்காகச் சொன்னவை.

போன மாதம் உங்களில் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு மெமரி கார்ட் வேலை செய்யவில்லை. "இது ஒரு டீச்சர் கார்ட்" என்று சொல்லி அவர் அதை மேசை மூலையில் எறிந்தார். இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திருகோணமலையில் ஒலிப்பதிவு செய்கிறவர்களிடையே நம்ப முடியாத கார்டுக்கு அதுதான் பெயராகிவிட்டது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த டீச்சர் யார் என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவருடைய கார்ட் பழுதாகவே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் கேள்விக்கான பதில் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கொழும்பில் ஒரு வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்குத் திரும்பியதும் மேல்மாடி அறையை ஸ்டூடியோ ஆக்கினேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். கப்பல் சங்கு ஊதினால் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை நடுங்கும். அதற்காக ஜன்னலை இறுக்கி அடைத்து, ஏசி பூட்டி, இரண்டு பெரிய மொனிற்றர் ஸ்பீக்கர்களைக் கண்ணுக்கு நேரே வைத்தேன். சுவரில் துணியோ பஞ்சோ ஒட்டவில்லை. வெள்ளை பூசிய வெறும் சுவர், சீமெந்துத் தரை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த வெறும் சுவரைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

டீச்சர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். பாடசாலைக் கீதங்களும் சிறுவர் நாடகங்களும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கி, இந்தத் தொழிலுக்குள் வந்தவர். தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் இங்கேயும் போடவில்லை. அவருடைய வீட்டில் மேலே தகரக் கூரை, பக்கத்து அறையில் வருத்தத்தில் படுத்திருக்கும் மாமனார், முன் விறாந்தையில் பின்னேர வகுப்புப் பிள்ளைகள். ஸ்பீக்கர் போட வழியே இல்லை. ஹெட்போனில்தான் எல்லா மிக்ஸும். நான் அதை வேலையாகவே மதிக்கவில்லை. ஹெட்போன் என்பது பஸ்ஸில் போகிறவர்களுக்கானது என்று அவரிடம் நேரிலேயே சொன்னேன்.

"பஸ்ல போறவங்களுக்குத்தானே சேர் நாங்க பாட்டுச் செய்யறோம்?" என்றார் அவர்.

அதற்குப் பதில் சொல்லக் கொஞ்ச நாளில் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கு அவர் ஒரு கீதம் மிக்ஸ் பண்ணியிருந்தார். பிள்ளைகளின் குரல்களை இடமும் வலமுமாக நன்றாக விரித்து வைத்திருந்தார். ஹெட்போனில் கேட்டால் பிள்ளைகள் உங்களைச் சுற்றி நின்று பாடுவதுபோல் இருக்கும். போட்டியன்று நானும் போயிருந்தேன். மைதானத்தில் தென்னை மரத்தில் கட்டியிருந்தது ஒற்றைக் குழாய் ஸ்பீக்கர். இடமும் வலமும் அதற்குள் ஒன்றாகிப் போனதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மேளம் மட்டும் கேட்டது. பிள்ளைகள் தொலைவில் ஒரு கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல் இருந்தது. பாடசாலை அதிபர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் அந்த இடத்திலேயே எழுந்து அதிபரிடம் போனார். "பிழை என்னிலதான் சேர். மைதானத்தில எப்பிடிக் கேக்கும் எண்டு நான் போட்டுப் பாக்கல்ல. நாளைக்குத் திருத்தித் தாறன்" என்றார். திரும்பி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்து, "சிரியுங்க சேர், உங்கட முறை" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் அன்று நான் பார்த்தது எவ்வளவு அருமையான ஒன்று என்பது எனக்கு விளங்கவில்லை. நூற்றுக்கணக்கான பெற்றோர் இருந்த மைதானத்தில், ஒரு மனிஷி தன் பிழையைத் தன்னுடையது என்று சொல்லிவிட்டு, முகம் சுருங்காமல் வந்து அமர்ந்தார். அடுத்த நாளே திருத்தியும் கொடுத்தார். நானோ என் ஸ்பீக்கர் வென்றது என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த வெற்றிதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் முதல்.

அதன் பிறகு நாங்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினோம். வெளியே போய் ஒலிப்பதிவு செய்வது அவர், மிக்ஸ் செய்வது நான். அப்படி இருக்கும்போது சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்போது அவள் பிள்ளைத்தாய்ச்சி. அவளுடைய அப்பா கரைவலைக்காரர். நிலாவெளிக் கரையில் வலை இழுக்கும்போது அம்பா பாடுகிறவர். அம்பா என்றால் உங்களில் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம்: ஒருவர் ஒரு வரி பாடுவார், கயிற்றைப் பிடித்திருக்கும் மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே இழுப்பார்கள்.

அவருடைய தொண்டையில் ஒரு கட்டி. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. குரல் திரும்பி வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

"பிறக்கிற பிள்ளைக்கு அப்பா ஒரு தாலாட்டுப் பாடி வைக்கப்போறாராம், சேர்" என்றாள் அவள். "பிறகு பாட ஏலாமப் போனாலும் பிள்ளை அவரிட குரலைக் கேக்கோணும். அவ்வளவுதான் எங்களுக்கு."

நாங்கள் சல்லிக்குப் போனோம். வீட்டின் முன்னறையில் எதிரொலி அதிகம். டீச்சர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வலைகளைக் குவித்து வைத்திருந்த பின்னறையைத் தெரிந்தெடுத்தார். ஆள் உயரத்துக்கு வலைக் குவியல். சத்தத்தைக் குடித்துவிடும். கொழும்பில் எத்தனையோ செலவில் கட்டிய ஒலிப்பதிவு அறைகளில் நான் கேளாத அமைதி அந்த மீன் வாடைக்குள் இருந்தது. இதையும் நான் அப்போது வாய் திறந்து பாராட்டவில்லை.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். முதல் வரியிலேயே ரெக்கோடரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடலுக்குக் கேட்கிற மாதிரிப் பாடினார்.

"மாமா, இது வலை இல்ல, ஏணை" என்றார் டீச்சர், சேலைத் தொட்டிலை நினைத்து.

"ஏணையும் கயித்திலதானே பிள்ளை தொங்குது" என்றார் அவர். பிறகு கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெறுங்கையோட எனக்குப் பாட வருகுதில்லை."

டீச்சர் வெளியே போய் ஒரு துண்டுக் கயிற்றோடு வந்தார். அதன் ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை அவர் கையில் கொடுத்தார். அதன்பின் பாட்டு வந்தது. மெதுவாக, கயிற்றைத் தன் பக்கம் இழுத்து இழுத்து விட்டபடி பாடினார். சூரை கொண்டு வாறன், பாரை கொண்டு வாறன், கீரி மீன் அள்ளி வாறன் என்று, பிறக்காத பிள்ளைக்கு ஒவ்வொரு மீனாக வாக்குக் கொடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வரிக்கும் இடையில் நெஞ்சு நிரம்ப ஒரு மூச்சு. கட்டியின் காரணமாக அது கரகரவென்று, அறுக்கிற வாளின் சத்தத்தோடு வந்தது. முடித்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். இன்னொரு தடவை பாட வைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் ஓட்டோவுக்குள் டீச்சர், "வீட்ட போய் கார்டில இருக்கிறத ஒரு கொப்பி எடுத்து வெச்சிட்டு நாளைக்குத் தாறன் சேர்" என்றார்.

"என்னட்டத் தாங்கோ. என்ட கணினியில பத்திரமா இருக்கும்" என்று சொல்லிக் கார்டை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை மொனிற்றரில் போட்டுக் கேட்டேன். குரல் அருமை. மூச்சுத்தான் என்னை உறுத்தியது. வானொலியில் எங்களுக்கு மூச்சு ஒரு குற்றம். செய்தி வாசிப்பவரின் மூச்சைக்கூட ஒலிநாடாவில் தேடித் தேடிப் பிளேட்டால் வெட்டி எடுத்தவர்கள் நாங்கள். பேரப்பிள்ளை கேட்கப்போகிற தாலாட்டில் ஒரு நோயாளியின் கரகரப்பு எதற்கு? குரல் ஓய்ந்ததும் மைக்கை அடைத்துவிடுகிற மாதிரி ஒரு செயலியைப் போட்டேன். மூச்செல்லாம் போயிற்று. வரிகளின் கடைசி இழுவையும் கொஞ்சம் போயிற்று. என் ஸ்பீக்கரில் அது தெரியவில்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மூலப் பதிவின் மேலேயே வேலை செய்து, அதன் மேலேயே சேமித்தேன். பிறகு கார்டில் இருந்ததையும் துடைத்துச் சுத்தமாக்கி, டீச்சருக்குத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன். எங்கள் காலத்தில் நாடா அருமையான பொருள். வேலை முடிந்ததும் அழித்து, அடுத்த பதிவுக்கு வைப்போம். அந்தப் பழக்கம் என் விரல்களில் இருந்தது. நாடா யுகம் முடிந்து இவ்வளவு காலமாகியும் விரல்களுக்கு அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாடசாலை விட்டதும் டீச்சர் வந்தார். தன் பையிலிருந்து தன் ஹெட்போனை எடுத்துப் போட்டுக் கேட்டார். பாதியில் கழற்றினார்.

"சேர், மாமா எந்த இடத்தில மூச்செடுக்கிறார்?"

"எடுத்துப்போட்டன். கரகரப்பு."

"இல்ல சேர். ஒவ்வொரு வரி முடியவும் கதவு சாத்தின மாதிரி இருக்கு. ஆள் செத்துச் செத்து எழும்புற மாதிரி."

"டீச்சர், ஹெட்போனில கேட்டா கடிக்க வாற நுளம்பு கொட்டாவி விடுறதும் கேக்கும்."

"நுளம்பு மூச்சு விடுது சேர். மாமாதான் விடல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "மைதானத்தில உங்கட ஹெட்போன் செய்த வேலை மறந்து போச்சோ?" என்று கேட்டேன்.

"மறக்கல்ல. அண்டைக்கு நான் பிழை. இண்டைக்குப் பிழையில்ல. ஒரு நாள் பொறுங்க, மாமாட மகளுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவம்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாட்டை அந்தப் பெண்ணின் போனுக்கு அனுப்பினேன். "அனுப்பியாச்சு" என்றேன்.

டீச்சர் ஹெட்போனைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "ஒரிஜினலக் கவனமா வெச்சிருங்க சேர்" என்றார்.

"ஓம்" என்றேன். அப்போது ஒரிஜினல் என்று ஒன்று இல்லை. அது எனக்குத் தெரியும்.

சத்திரசிகிச்சை நடந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கியது. குரல் வரவில்லை, காற்றாக ஒரு கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சியது. பிள்ளையும் பிறந்தது. ஒரு நாள் பின்னேரம் மகளும் கைக்குழந்தையும் பெரியவரும் என் அறைக்கு ஏறி வந்தார்கள். வேறொரு வேலைக்காக டீச்சரும் அங்கே இருந்தார்.

"குறை சொல்ல வரேல்ல சேர்" என்று தொடங்கினாள் மகள். "பாட்டு வடிவாத்தான் இருக்கு. ஆனா ஏணையை ஆட்ட வருகுதில்லை. எப்ப தள்ளுறது, எப்ப விடுறது எண்டு என்ட கைக்குத் தெரியேல்லை. அப்பா கரையில பாடேக்க அவர் மூச்சை இழுக்கிற நேரம்தான் எல்லாரும் கயித்தை இழுப்பினம். சின்னனில இருந்து பாத்த கை. இதில அப்பா மூச்செடுக்கவேயில்லை."

மேசை லாச்சிக்குள் விருந்தினருக்காக நான் வைத்திருந்த ஹெட்போனை எடுத்துப் பெரியவரின் காதில் மாட்டினேன். பாட்டைப் போட்டேன். அவர் கண்ணை மூடினார். வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு கயிற்றைப் பிடித்தது. முதல் வரி போயிற்று. கை இழுக்கத் தயாராக முன்னே நீண்டது. அப்படியே நின்றது. அடுத்த வரி தொடங்கிவிட்டது. கை இன்னும் அந்தரத்தில் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

அவரிடமிருந்து வாங்கி நான் முதல் தடவையாக அதை ஹெட்போனில் கேட்டேன். டீச்சர் சொன்னது சரி. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு செத்த குழி. என் ஸ்பீக்கரில் அந்தக் குழி கேட்காததற்குக் காரணம் என் வெறும் சுவர்கள். குரல் ஓய்ந்த பிறகும் அதன் எதிரொலி அறைக்குள் சுழன்று அந்த இடைவெளிகளை நிரப்பியிருக்கிறது; ஏசியின் இரைச்சல் மிச்சத்தை மூடியிருக்கிறது. பாட்டில் இல்லாத ஒன்றை என் அறை போட்டுக் கொடுத்தது, நான் அதைப் பாட்டு என்று நம்பினேன்.

"அப்ப முதல் எடுத்ததைத் தாங்கோ சேர். வெட்டாதது" என்றாள் மகள்.

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் சொன்னது இது: "அது கார்டில பிழை வந்திட்டுது. திறக்கேலாமப் போச்சு."

மகள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், அப்பா ஒருக்காத்தான் பாடுவார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு நல்ல கார்ட் கொண்டு வந்திருக்கக் கூடாதோ?"

டீச்சர் என்னைப் பார்த்தார். துடைத்துச் சுத்தமாக்கிய அதே கார்டை நான் அவர் கையில் கொடுத்திருந்தேன். அது வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியும். நான் கணினித் திரையைப் பார்த்தேன்.

"சரி. இப்ப என்ன செய்யலாமெண்டு பாப்பம்" என்றார் டீச்சர்.

ஹெட்போனைத் தன் காதில் போட்டுக்கொண்டு, திரையில் பாட்டின் அலைக்கோட்டை வரி வரியாகப் பார்த்தார். குழந்தை அழுதது, அவருக்கு அது கேட்கவில்லை. பிறகு விரலால் ஒரு வெற்றிடத்தைத் தொட்டார்.

"சேர் சத்தத்தத்தான் வெட்டியிருக்கிறார், நேரத்த வெட்டல்ல. மூச்சு போச்சு. மூச்சு இருந்த இடம் அப்பிடியே இருக்கு." பெரியவர் பக்கம் திரும்பினார். "மாமா, பாட ஏலாது. மூச்செடுக்க ஏலும்தானே?"

பெரியவர் கிசுகிசுத்தார்: "அதுவும் ஏலாதெண்டா என்னை இஞ்ச கொண்டு வந்திருக்க மாட்டினம். வேற இடத்துக்குத்தான்."

மகள், "அப்பா!" என்று அதட்டினாள். முதலில் சிரித்தவர் டீச்சர்.

முப்பது ஆண்டுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். பாடகரின் குரலை மறுபடி எடுத்திருக்கிறேன், ஒரு சொல்லை மட்டும் எடுத்துத் தைத்திருக்கிறேன். ஒரு மனிதரின் மூச்சை மட்டும் தனியே ஒலிப்பதிவு செய்யலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. அந்த நெருக்கடியில் என் மூளை முழுவதும் என் பொய்யைக் காப்பதில் இருந்தது. அவருடைய மூளை பாட்டில் இருந்தது.

ஏசியை நிறுத்தினோம். ஸ்பீக்கரை நிறுத்தினோம். ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் அதுவும் மைக்கில் ஏறிவிடும். ஹெட்போன் மட்டும்தான் வழி. ஜன்னலுக்குத் தடித்த படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார் டீச்சர். பெரியவருக்குக் கையில் கயிறு வேண்டும் என்று நான் நினைக்கும் முன்பே கீழே போய், என் வீட்டுக் கிணற்றுக் கயிற்றை எடுத்து வந்தார். ஜன்னல் கம்பியில் கட்டப் போனார். மகள், "என்னட்டத் தாங்கோ" என்றாள். குழந்தையை டீச்சரின் மடியில் வைத்துவிட்டு, கயிற்றின் மறு நுனியை அவள் பிடித்துக்கொண்டாள்.

அறையில் எங்களுக்கு ஒரு பாட்டும் கேட்கவில்லை. அவர் காதுக்குள் மட்டும் அவருடைய பழைய குரல் ஓடியது. நாங்கள் கேட்டதெல்லாம் மூச்சு. நெஞ்சு நிரம்ப ஒன்று, கயிறு இழுபடும், பிறகு தளரும். மறுபடி ஒன்று. வாய் மீன்களின் பெயர்களைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கரகரப்பு இப்போது இல்லை. கட்டியோடு அதுவும் போயிருந்தது. பாட்டு நடுவில் இருக்கும்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

பெரியவர் ஹெட்போனைத் தூக்கி, "அவனையும் பாடச் சொல்லுங்கோ, பதில் சொல்ல எனக்கு ஆள் காணாது" என்று கிசுகிசுத்தார். மறுபடி தொடங்கினோம்.

பிறகு தைப்பு. இங்கேதான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு மூச்சையும் அதன் குழிக்குள் வைத்து, வரியின் முடிவோடு பொருந்துகிறதா என்று பார்க்க ஹெட்போன் வேண்டியிருந்தது. அதில்தான் ஓரங்கள் தெரியும். அப்படி வைத்து முடித்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டால், மூச்சு குரலைவிடப் பெரிதாக நின்றது. காதோடு ஒட்டிக் கேட்டால் சின்னதையும் பெரிதையும் சரியாக அளக்க முடியாது. ஸ்பீக்கரில் கேட்டுக் குறைத்தோம். மறுபடி ஹெட்போனில் பார்த்தோம். நான் முடிந்தது என்று கதிரையைப் பின்னே தள்ளினேன்.

"சேர், பிள்ளை உங்கட மொனிற்றர்லயா கேக்கப்போகுது?" என்றார் டீச்சர். பாட்டை மகளின் போனில் ஏற்றி, குழந்தை கிடந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி அதை வைத்துப் போட்டார். அந்தச் சின்னப் போனில் மூச்சு காணாமல் போயிற்று. இன்னும் ஒரு சொட்டுக் கூட்டினோம். மகளின் கை தொடையில் இருந்தது. அடுத்த தடவை பாட்டு ஓடியபோது அந்தக் கை தானாக முன்னும் பின்னும் போகத் தொடங்கியது. டீச்சர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "காணும் சேர். இனித் தொடாதீங்க" என்றார்.

ஹெட்போன் தையலைக் காட்டும். ஸ்பீக்கர் உடுப்பு ஆளுக்கு அளவா என்று காட்டும். ஆனால் உடுக்கப்போகிற ஆள் யார் என்பதை இரண்டும் சொல்லாது. அதை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். மைதானமா, பஸ்ஸா, ஏணைக்குப் பக்கத்தில் கிடக்கிற போனா என்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், சுவருக்கு ஒன்றும் செய்ய வசதியில்லாதவர்கள் ஹெட்போனை வாங்குங்கள். வாங்கிவிட்டு, வேறு யாருடைய ஸ்பீக்கரிலாவது கேட்டுப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் கருவியில் கேட்காத ஒன்றை இன்னொருவர் கேட்கிறது என்று சொன்னால், அன்றைக்கு அனுப்பாதீர்கள். மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதில் ஒன்றுகூட நான் கண்டுபிடித்தது அல்ல.

போகும்போது மகள் எனக்குக் கைகூப்பினாள். டீச்சரிடம், "இனியெண்டாலும் நல்ல கார்டாப் பாத்து வாங்குங்கோ" என்றாள். அவர்கள் இறங்கிப் போனதும் டீச்சர் படியில் நின்றார்.

"நான் பொய் சொல்லல்ல சேர். பேசாம இருந்தன். அந்த ஆக்களுக்கு முன்னால உங்களக் குறைக்க மனம் வரல்ல. ஆனா நீங்களாப் போய் ஒருநாள் சொல்லணும். நான் ஞாபகப்படுத்த மாட்டன்."

அவர் ஞாபகப்படுத்தவில்லை. நான் சொல்லவும் இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தேன். உங்களுக்கு முன்னால் வந்த பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிப் பட்டறையில் பேசும்போது, எப்போதும் இரண்டு கார்ட் கொண்டு போக வேண்டும் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு டீச்சருடைய கார்ட், ஒரு தாலாட்டு, கடைசி நேரத்தில் எப்படிக் காப்பாற்றினோம் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் சிரிக்கிற அந்தப் பெயர் அங்கேதான் பிறந்தது. நான்தான் வைத்தேன்.

அதனால்தான் அந்தச் சிரிப்பைக் கேட்ட கிழமையே சல்லிக்குப் போனேன். மகள் முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இப்போது பாலர் வகுப்புக்குப் போகிறாளாம். பெரியவர் கதிரையில் இருந்து வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். கார்ட் பழுதாகவில்லை, அழித்தது நான், டீச்சர் கொப்பி எடுக்கக் கேட்டும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போனதும் நான், பிறகு அவர்மேல் பழியைப் போட்டதும் நான்.

மகள் கையில் இருந்த மீனை வைத்துவிட்டு எழும்பினாள். "அப்ப நான் அவவைப் பேசின பேச்சு?"

அதுவும் என் பிழை என்றேன்.

"சந்தையில கண்டாலும் முகம் குடுக்காமப் போயிருக்கிறன் சேர். நல்ல வேலை செய்திருக்கிறீங்கள்."

பெரியவர் என்னை அருகே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார்: "இவ்வளவு காலம் எப்பிடி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தனீங்கள்?" பிறகு மகளிடம் போனைக் காட்டினார்.

அவள் அங்கேயே டீச்சருக்கு எடுத்தாள். கை முழுதும் செதிள், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். "டீச்சர், சல்லியில இருந்து. சேர் வந்து நிக்கிறார். எல்லாம் சொல்லிப்போட்டார். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அழுதாள்.

மறுபக்கத்தில் பிள்ளைகளின் இரைச்சல். டீச்சர் யாரையோ அமைதியாக இருக்கச் சொன்னார்.

"அழாதீங்க பிள்ளை. பெரியவர் சுகமா? உங்கட மகள் இன்னும் அந்தப் பாட்டுக்கு நித்திரை கொள்றாவா?" என்றார்.

"இப்ப அவவே பாடுறா. மூச்செடுக்கிற இடத்தில பெரிசா மூச்செடுத்துக் காட்டுவா."

டீச்சர் சிரிப்பது கேட்டது. பிறகு சொன்னார்: "சேரிட்டச் சொல்லுங்க, பாடசாலைக் கீதம் ரெக்கோட் பண்ணிட்டு நிக்கிறன் எண்டு. அந்தக் கார்டிலதான். ஒரு நாளும் மக்கர் பண்ணல்ல."

அந்தப் பெயரை இனிச் சொல்லாதீர்கள் என்று உங்களைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. சொல்லத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் பெட்டிக்குள் ஒரு நாளும் கைவிடாத கார்ட் ஒன்று இருக்குமே, அதற்குச் சொல்லுங்கள்.